நல்ல தண்ணி ஆள்

சாக்கடைச் சேம்பரின் மூடியைத் திறந்துவிட்டு, அதற்குள் கையை விடாமல் உட்கார்ந்திருந்தான்.

உள்ளே கழிவுத் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. தரைத்தளத்து வீடுகளில் விடிந்ததிலிருந்து கக்கூஸ் பொங்குகிறதாம்.

அபார்ட்மெண்ட் செகரட்டரி மூக்கைப் பொத்திக்கொண்டே பேரம் பேசினார். வழக்கமாக வருகிறவன் இதில் பாதிக்குச் செய்வானாம். அப்படியானால் அவனையே கூப்பிடுங்களேன் என்று இவன் சொல்ல, அவன்தான் போனை எடுக்கமாட்டேன் என்கிறானே என்று அவரே உடைத்துவிட்டார். அதற்கப்புறம் தொகை தானாக ஏறியது.

மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்திப் பார்த்தாகிவிட்டது. அடைப்பு அசையவில்லை.

இனி கைதான்.

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவன் நல்ல தண்ணி ஆள். குழாய், தொட்டி, மோட்டார். சாக்கடைப் பக்கம் போனதில்லை. போனால் கூலி இரண்டு மடங்கு. ஆனால் ஒரு தடவை கையை விட்டவனை அப்புறம் யாரும் அடுப்படிக்குள் விடமாட்டார்கள். சமையல்கட்டில் குழாய் சொட்டினால் வேறு ஆளைத் தேடுவார்கள். எவ்வளவு கழுவினாலும் அப்படித்தான்.

முழங்கால் போனதில் எல்லாம் மாறிவிட்டது. மொட்டைமாடித் தொட்டிக்கு ஏணி ஏற முடியவில்லை. ஏற முடியாதவனுக்குப் பாதி வேலை இல்லை. போதாக்குறைக்குச் சர்க்கரை வேறு வந்து சேர்ந்தது. டீக்கடையில் சர்க்கரை போடாதே என்று தினம் சொல்கிறான், தினமும் மறந்து போட்டுவிடுகிறார்கள்.

ஹார்டுவேர் கடை வாசலில் இளவட்டங்கள் பைக்கை உதைத்துக் கிளம்ப, இவன் மட்டும் உட்கார்ந்திருப்பான். "படியைத் தேய்க்கிறதுக்கு ஓனர் என்ன குடுக்கிறாரு, பெரிசு?" என்று ஒருத்தன் கேட்டான். இவனும் சேர்ந்துதான் சிரித்தான்.

இன்றைக்கென்று வந்த வேலை இது ஒன்று.

வந்த இடமும் இதுவாக இருக்க வேண்டுமா.

இந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில்தான் அவன் பெண்டாட்டி அஞ்சுகம் சமைக்கிறாள். வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும்போது அந்த வீட்டம்மா கேட்டாளாம், புருஷன் என்ன பண்ணுகிறான் என்று. குழாய் வேலை என்றிருக்கிறாள் இவள். சாக்கடை அது இதெல்லாம் கிடையாதே என்பது அடுத்த கேள்வி. சேச்சே, நல்ல தண்ணிதாம்மா.

மாதம் பிறந்தால் தவறாமல் வீட்டுக்கு வருவது அவள் சம்பளம்தான்.

வந்தபோதே வாசலில் நின்று அவளுக்குப் போன் போட்டுப் பார்த்தான். எடுக்கவில்லை. சமைக்கும்போது போனைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"விடுவியா, மாட்டியா?" என்றார் செகரட்டரி.

சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். குப்புறப் படுத்தான். தோள் வரை விட்டான்.

வெதுவெதுவென்று இருந்தது.

துணியும் டயப்பருமாக ஒரு மூட்டை விரலில் மாட்டியது. இழுத்தான். வரவில்லை. முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு இன்னொரு இழுப்பு. தண்ணீர் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டு இறங்கியது.

நிமிர்ந்தால் இரண்டாம் மாடி பால்கனியில் இரண்டு பேர்.

"ஏன் அஞ்சுகம், அந்தாளையே பாத்துட்டு நிக்கிறே? தெரிஞ்சவரா?"

அவள் பால்கனிக் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"இல்லம்மா. யாரோ."

அப்பாடா என்று இருந்தது அவனுக்கு.

அதற்குப் பிறகுதான் கை கனக்க ஆரம்பித்தது.

தோட்டத்துக் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவினான். திரும்பவும் கழுவினான். செகரட்டரி பணத்தை மதில்மேல் வைத்து, பறக்காமலிருக்க ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போனார். ஈரக் கையோடு அதை எடுக்க மனசில்லாமல் மதிலோரம் குந்தினான்.

பாவம், அந்தாளுக்கு ஒரு டீ கொண்டுபோய்க் குடு என்று வீட்டம்மா சொல்லியிருக்க வேண்டும். நல்ல மனுஷிதான். பேப்பர் கப்போடு அஞ்சுகம் படியிறங்கி வந்தாள்.

மேலேயிருந்து குரல் கூடவே வந்தது. கையில் குடுக்காதே, கீழே வச்சிட்டு வா.

வைத்தாள். குனியும்போது முந்தானை அவன் பக்கம் போகாமல் பிடித்துக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. யாரோ ஒருத்தனுக்கு எப்படி வைப்பாளோ அப்படியே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

சரியாகத்தான் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

படியில் அவள் செருப்புச் சத்தம் ஏறி ஏறி நின்றது.

எட்டி எடுத்து ஒரு வாய் குடித்தான்.

சர்க்கரை போடவில்லை.