பத்தடி தூரம்

"இந்த மலையில மடிப்பே கிடையாதும்மா."

ஷகிலா மேடம் தமயந்தியின் வரைபடத்தைப் பாறைமேல் விரித்து, பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார்.



ஆறு நாள் வெயிலில் வெந்து கண்டுபிடித்த மடிப்பு. காம்பஸை வைத்து வைத்துப் பாறை அடுக்கு ஓடும் திசையை அளந்து, கோடு கோடாகச் சேர்த்தது. நேராகப் போகும் அடுக்கு மெல்ல மெல்லத் திரும்பி, என்ன அழகான வளைவு! ஜியாலஜி மூன்றாம் ஆண்டில் வேறு யாருக்கும் அகப்படவில்லை. நேற்று முகாமில் எல்லோரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டாள் வேறு.

"மலையைப் பாரு தமயந்தி. ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி நேரா போகுது. உன் கோடு மட்டும் எங்க வளையுது?"

பார்த்தாள். நேராகத்தான் போனது, பாவி மலை.

இன்று கடைசி நாள். நாலு மணிக்கு பஸ். வரைபடம் தேறாவிட்டால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு மறுபடி இதே மலை.

அப்போது கதிரேசனோடு சேர்த்து அனுப்ப மாட்டார்கள்.

அதை நினைத்ததும்தான் கண்ணில் நீர் முட்டியது.

இருவர் இருவராகப் பிரித்தபோது அவளுக்கு ஜோடியாக வந்தவன். அவள் அளப்பாள், அவன் எழுதுவான். நோட்டும் சுத்தியலும் அவன் பொறுப்பு.

மேடம் நோட்டை வாங்கிப் புரட்டினார். தம்முடைய காம்பஸைப் பாறையில் ஒட்டிப் பார்த்தார்.

"முதல் நாள் சரி. மூணாம் நாள் நாலு டிகிரி தப்பு. அஞ்சாம் நாள் எட்டு."

பக்கத்தைத் திருப்பினார்.

"நேத்து பதினாலு."

நிமிர்ந்து கதிரேசனின் இடுப்பைப் பார்த்தார். பெல்ட்டில் சுத்தியல்.

"இரும்பு கிட்ட வந்தா ஊசி திரும்பிடும், பத்தடி தள்ளி நிக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம்."

"முதல் நாள் நின்னிருக்க."

"ஆமா மேடம்."

"அப்புறம்?"



அப்புறம் வெயில். காம்பஸ் கண்ணாடி கூசுகிறது, எண் தெரியவில்லை என்று இரண்டாம் நாள் அவள்தான் சொன்னாள். நிழலுக்காக வந்து நின்றான், அவ்வளவுதான். மறுநாள் நிழல் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம். நேற்று அவன் சட்டைக் கை அவள் தோளில் உரசிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அத்தனையையும் இந்த ஊசி காட்டிக்கொடுத்துவிட்டது. சனியன்.

மேடம் நோட்டை மூடினார். சிரிப்பு வரப் பார்த்தது, இருமிக்கொண்டார்.

"இருபது இடம். மறுபடி அளந்துட்டு வாங்க. பஸ் உங்களுக்காக நிக்காது."

அவர் இறங்கியதும் அவள் வரைபடத்தைக் கிழிக்கப் போனாள். கதிரேசன் அதை அவள் கையிலிருந்து வாங்கி, நோட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

ஓடி ஓடி அளந்தார்கள்.

இப்போது பத்தடி தள்ளியே நின்றான், வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளை மாதிரி. அவள் எண்ணைக் கத்தினாள். அவன் எழுதினான். ஏழாவது இடம், பதிமூன்றாவது, பத்தொன்பதாவது. எல்லா எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கோடு நேராகிவிட்டது. வரைபடம் தேறிவிடும்.

சந்தோஷப்பட வேண்டும். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

இருபதாவது இடம். நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம். மேகம் கவிந்து, வெயில் எப்போதோ போயிருந்தது.

காம்பஸைப் பாறையில் ஒட்டிப் பிடித்தாள். ஊசி நின்றது. எண் பளிச்சென்று தெரிந்தது.

"கண்ணாடி கூசுது," என்றாள். "எண்ணே தெரியல."

கதிரேசன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான்.

பிறகு அவளைப் பார்த்தான்.

பெல்ட்டிலிருந்து சுத்தியலை உருவி, நின்ற இடத்திலேயே தரையில் வைத்தான். நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்து வந்தான்.

நேற்று நின்ற அதே இடத்தில் வந்து நின்றான்.

ஊசி அசையவில்லை. காம்பஸில் மட்டம் பார்க்கும் நீர்க்குமிழிதான் நடுவில் நிற்க மாட்டேன் என்றது. கை இப்படி நடுங்கினால் அது எப்படி நிற்கும்!

கீழே பஸ் ஹாரன் அடித்தது.

"எழுதட்டுமா?"

"இரு," என்றாள். "இன்னும் நிக்கல."