பத்து மாத்திரை

ஐந்தரைக்கு எழுந்தேன். ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினேன், பால்புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன், சவரம் செய்துகொண்டேன். ஆறே முக்காலுக்குக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் ரோஸ் அக்கா வீட்டுக்கு நடந்தேன். பதினோரு மாதமாக இதுதான் என் காலை.

ரோஸ், செத்துப்போன என் மனைவி டோரதியின் அக்கா. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மேல்தோல் தைத்துக் கொடுக்கிறாள். நான் தோல் தொழிற்சாலை லேபில் வேலை முடித்துத் திரும்பும்வரை பையனை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

வாசலில் ஒரு கையால் பையனை வாங்குவாள். மறு கையால் என் பையைத் துழாவுவாள். மாத்திரை ஏதாவது கொண்டுவந்திருக்கிறேனா என்று பார்க்கிறாள். டிபன்பாக்ஸ் தவிர எதுவும் கிடைத்ததில்லை.

இன்று கிடைத்தது.

"இன்னா தம்பி இது?"

காய்ச்சல் மருந்து பாட்டில். வேளைக்கு எவ்வளவு என்று காகிதம் வெட்டிப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. நேற்று மாலையிலிருந்து பையனுக்கு நூற்று மூன்று டிகிரி, பால் இறங்கவில்லை. ராத்திரியே கம்பெனி டிஸ்பென்சரி நர்ஸ் விஜயகுமாரி எடை பார்த்துவிட்டுக் கொடுத்தாள். ஆஸ்பிரின் குழந்தைக்கு ஆகாது, இந்தப் பாரசிட்டமால் கொடுக்கலாம், அளவு மட்டும் மீறக்கூடாது, நாளைச் சாயங்காலத்துக்குள் குறையாவிட்டால் வேலூருக்குக் கொண்டுபோய்விடு என்று இரண்டு தடவை சொன்னாள்.

விடியற்காலை ஒரு வேளை கொடுத்தாயிற்று. அடுத்தது பத்து மணிக்கு. லீவு கிடைக்கவில்லை, ரோஸ் அக்காதான் கொடுக்க வேண்டும்.

"குடுத்துட்டியா?" என்றாள். பையனின் உதட்டையும் நகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. தோல் ஒட்டும் பசையின் வாடையில் அவளுக்குத் தினமும் தலைவலி. நூல்கண்டு டப்பாவில் ஆஸ்பிரின் வைத்திருக்கிறாள், டீயோடு இரண்டு போட்டுக்கொள்கிறாள். அது பெரியவர்களுக்கு, அது வேறு என்பாள்.

"டோரதிக்கும் இப்படித்தானே சொன்னாங்க. புள்ளத்தாச்சி சாப்பிடலாம், ஒண்ணும் பண்ணாதுன்னு."

சொன்னார்கள். எட்டாவது மாதம் டோரதிக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டர் பத்துப் பாரசிட்டமால் எழுதிக் கொடுத்தார். இது கெடுதல் இல்லை, காய்ச்சலை விட்டுவைப்பதுதான் கெடுதல், நாளைக்குள் குறையாவிட்டால் கூட்டி வா என்றார். அப்துல் ஹமீத் மருந்துக் கடையில் வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் ஜன்னி கண்டு வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பையனை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அவள் பிழைக்கவில்லை.

அன்று வீட்டைப் பெருக்கிய ரோஸ் அக்கா மாத்திரைப் பட்டையைக் கண்டெடுத்தாள். பத்தும் காலி. அடக்கத்துக்கு வந்தவர்களிடம் அதைத் தூக்கிக் காட்டினாள். கெமிஸ்ட்ரி படித்தவன், வெளிநாட்டில் ஏதோ மாத்திரையால் கையில்லாமல் பிறந்த பிள்ளைகளின் படத்தைக் காட்டிக் காட்டித் தங்கச்சியைப் பயமுறுத்தியவன், மாசக்கணக்கில் அவளைத் தலைக்குத் தைலம்கூடத் தடவ விடாதவன், கடைசியில் பத்தையும் தன் கையாலேயே விழுங்க வைத்தான் என்றாள். நான் மறுக்கவில்லை.

அதிலிருந்து எங்கள் தெருவில் கர்ப்பிணிகளுக்கு யாரும் மாத்திரை தருவதில்லை. பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் பிள்ளை பெறும்வரை பல்வலியைக் கிராம்பிலேயே ஓட்டினாள். டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் சீட்டை மடித்து வைத்துவிட்டு என் கதையைச் சொல்கிறார்கள். படித்தவனுக்கே இப்படி என்கிறார்கள்.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் அன்று பதில் சொன்னேன். கல்லறைக் கல்லுக்கு ஒரு வரி வேண்டும், கடைசியாக என்ன சொன்னாள் என்று பாஸ்டர் கேட்டார். "இயேசுவே, என் பிள்ளையைக் காத்துக்கொள்ளும்" என்றேன். அப்படியே வெட்டிவிட்டார்கள். நல்ல எழுத்து.

ரோஸ் அக்கா பாட்டில் மூடியைத் திருகினாள். வாசல் சாக்கடைக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தாள். பையன் அவள் தோளில் கண் திறக்காமல் கிடந்தான். அழக்கூட இல்லை.

"ஊத்தாதீங்கக்கா."

"என் தங்கச்சி போறப்போ புள்ளைய நெனச்சிக்கிட்டுதான் போனா. கல்லுலயே இருக்குது. இவனையும் உன் கையால அனுப்பணுமா?"

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அவ கடைசியா சொன்னது அது இல்லக்கா."

பாட்டில் சாய்ந்தபடியே இருந்தது.

"ரெண்டாம் நாளு, வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு பயந்து, பத்தையும் பிரிச்சு கையில வச்சிக்கிட்டு, நானும் இப்படித்தான் சாக்கடை ஓரமா நின்னேன்," என்றேன். "கட்டில்ல இருந்து பாத்துட்டு ஒரு வார்த்தை சொன்னா. அப்புறம் அவளுக்குப் பேச்சு வரல."

"இன்னா சொன்னா?"

"'எல்லாத்தையும் கொட்டிடாதீங்க, எனக்கு ஒண்ணாவது குடுங்க.'"