மாடி பிரிண்டர்

'கிர்ர்ர்' என்று அலறிப் புதுப் பிரிண்டர் உயிர் பெற்றதும் தங்கை கைதட்டினாள். வேலை ஒப்பந்தத்தை அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து மாலைக்குள் அனுப்பினால்தான் அவளுக்கு அந்த வேலை.

"தள்ளுண்ணா, நானே அடிக்கிறேன்!"

கணினி இரண்டு பிரிண்டர்களைக் காட்டியது: ஹால், மாடி. பரபரப்பில் மாடியை அழுத்திவிட்டாள். ஹாலில் இருந்த புதுப் பிரிண்டர் அசையவில்லை.

"அவசரக்குடுக்கை! மறுபடி அடி" என்றான் அண்ணன்.

அதற்குள் 'மாடி'யிலிருந்து ஒரு ஸ்கேன் திரைக்கு வந்தது. அதே ஒப்பந்தம். அடியில் அவளுடைய கையெழுத்து, ஈர மை லேசாக இழுபட்டிருந்தது.

"எப்ப போட்டேன்னு தெரியல, ஆனா என் கையெழுத்தேதான்! அனுப்பிட்டேன்!"

நொடியில் பதில் வந்தது. வேலை உறுதி. அவள் துள்ளிக் குதித்தாள்.

அண்ணன் கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"ஏய்... நம்ம வீட்டுக்கு ஏதுடி மாடி?"