கறுப்புத் துணியில் ஓர் இழை

"போன தடவை சொன்னது ஞாபகம் இருக்குதில்ல? இதுவும் தப்பாப் போச்சுன்னா, ஆராய்ச்சியையே நிறுத்திடுவாரு எங்க புரொபசர்" என்று சொல்லிக்கொண்டே சங்கீதா லேப்டாப்பைத் திறந்தாள்.

தேவேந்திரன் தறியை விட்டு எழுந்தான். நெய்து வைத்திருந்த கறுப்புத் துணியை அவளிடம் நீட்டினான்.

பட்டும் கரி பூசிய நூலும் கலந்த துணி அது. மின்சாரம் கொடுத்தால் இதமாகச் சுடும். மூட்டுவலிக்காரர்கள் முழங்காலில் சுற்றிக்கொள்ளலாம். எந்தத் துணி எந்த இடத்தில் எவ்வளவு சுடும் என்று முன்கூட்டியே சொல்லக் கம்ப்யூட்டரைப் பழக்குவதுதான் சங்கீதாவின் ஆராய்ச்சி. மற்ற தறிகளின் துணியில் அது சொன்னது அப்படியே பலித்தது. பிள்ளையார்பாளையத்தில் இந்த ஒரு தறியின் துணி மட்டும் ஓரத்தில் கூடுதலாகச் சுட்டு அவள் மானத்தை வாங்கியது.

காரணம் தேவேந்திரனுக்குத் தெரியும். "தறியிலேர்ந்து முழுக் கறுப்பா துணி எறங்கக் கூடாதுடா, ஒரு இழை ஜரிகையாவது போடு" என்று அவன் அம்மா கிருஷ்ணம்மாள் அடம்பிடித்தாள். அவனும் முதல் துணியின் ஓரத்தில், கறுப்பு நூல்களுக்கு நடுவே ஓர் இழையை மறைத்து வைத்தான். ஜரிகையில் வெள்ளி இருக்கிறதே, மின்சாரம் அங்கே குஷியாக ஓடாதா?

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் கணக்கு தப்பியதும் அவள் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா போட்ட காப்பியைக் குடித்து, ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுப் போனாள். அந்த வாரம் முழுக்க அவனுக்குத் தறிச் சத்தம்கூடப் பாட்டாகக் கேட்டது. அதற்கப்புறம் அம்மா சொல்லாமலேயே ஒவ்வொரு துணியிலும் ஜரிகை ஏறியது.

இப்போது அவள் படிப்புக்கே ஆபத்து. அதனால் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு, இந்தத் துணியில் ஜரிகையை விட்டுவிட்டான். கணக்கு சரியாக வரும். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புவாள், இனி வரமாட்டாள். போகட்டும், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

சங்கீதா ஒயரை மாட்டினாள். வெப்பம் காட்டும் கேமராவைத் துணிமேல் பிடித்தாள். முகம் மாறியது.

"போச்சு. தப்பு!"

"இருக்கவே இருக்காது மேடம்! இதுல நான் ஜரிகையே..." தேவேந்திரன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"போடலை. அதான் தப்பு" என்று லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். கம்ப்யூட்டர் முன்பே வரைந்து வைத்திருந்த படத்தில், ஓரத்தில் மட்டும் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. "உள்ள ஏதோ வெள்ளி ஓடுதுன்னு ரெண்டாவது துணியிலயே தெரிஞ்சிப்போச்சு. உங்க தறின்னாலே ஜரிகை இருக்கும்னு இதுக்கும் சொல்லிக் குடுத்துட்டேன்."

"அப்போ புரொபசர்?"

"அவரு போன மாசமே ஓகே பண்ணிட்டாருப்பா. அப்படி மிரட்டினாலாவது வாயைத் தொறப்பீங்களான்னு பாத்தேன்."

தேவேந்திரன் திருதிருவென்று விழித்தான். "அப்புறம் எதுக்கு மேடம், தப்பு தப்புன்னு சொல்லிக்கினு ஒவ்வொரு தடவையும் இவ்ளோ தூரம் வந்தீங்க?"

சங்கீதா லேப்டாப்பை மூடினாள்.

"நீங்க எதுக்கு ஜரிகை போட்டுக்கினே இருந்தீங்களோ, அதுக்குத்தான்."