திரும்பி வந்தது

“திரும்பி வந்துடுச்சுடி! டாக்டரம்மாவே ஃபோன் பண்ணிச் சொன்னாங்க. ஓரத்துலதான் கோளாறாம். இன்னொரு தடவை வெட்டித்தான் ஆகணும்.”

மனைவி தன் தங்கையிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தது, வாசலில் செருப்பைக் கழற்றிய டிரைவரின் காதில் விழுந்தது. சந்துபொந்தெல்லாம் பஸ்ஸை வளைத்து ஓட்டுகிற மனிதர், சொந்த வீட்டு நிலையில் இடித்துக்கொண்டார். இன்றுதானே அவளுடைய செக்கப் ரிசல்ட் வரவேண்டிய நாள்!

போன வருடம் அவளுக்குப் பெண்ணுறுப்பின் உள்பக்கம் புண் மாதிரி ஏதோ இருந்தது. “புற்றுநோய் இல்ல, ஆனா விட்டா ஆகலாம்” என்று டாக்டர் அதை லேசரில் எடுத்துவிட்டார். சிலருக்குத் திரும்பி வரும், செக்கப்பை மட்டும் தவறவிடக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். எல்லாம் மனைவி வந்து சொல்லித் தெரிந்ததுதான். பெண்கள் பிரிவுக்குள் கால் வைக்கக் கூச்சப்பட்டு, ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரி கேட்டோடு நின்றுவிடுகிற மகா வீரர் நம் டிரைவர். கொஞ்ச நாள் தையல் மிஷினை மிதிக்கக் கூடாது என்பதில் மட்டும் டாக்டரைவிடக் கறாராக இருந்தார்.

அவள் ஃபோனை வைத்தாள்.

“நீ உக்காரு. இன்னைக்குச் சமையல் நான்.”

“என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்!” அடுப்படிப் பக்கம் நடந்தார். “எல்லாம் காதுல விழுந்துச்சு. மறைக்காத. எத்தனை தடவை வந்தாலும் ஒரு கை பாத்துடலாம். இனிமே நானும் டாக்டர் ரூம் வரைக்கும் வர்றேன்.”

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் அவர்.

“உள்ளயா? அங்க பூரா பொம்பளைங்களா இருப்பாங்களே?”

“இருக்கட்டும். யாரு சிரிச்சா எனக்கென்ன?”

“சத்தியமா?”

“சத்தியமா!”

“பேச்சு மாறக் கூடாது. அடுத்த செக்கப் ஆறு மாசம் கழிச்சு.”

“ஆறு மாசமா? வெட்டணும்னு சொன்னியே!”

“அதை இப்பவே வெட்டிடுவேன்” என்று கத்தரிக்கோலை எடுத்தவள், மேஜையிலிருந்த வெள்ளைக் கோட்டை உதறிக் காட்டினாள். “என் ரிசல்ட் சுத்தமாம். திரும்பி வந்தது, டாக்டரம்மாவுக்கு நான் தைச்ச கோட்டு!”