பூனையின் சாட்சி

ஒரு டீக்கடை அலமாரிக்குப் பின்னால் மூன்று பல்லிகள் ஒளிந்து வாழ்ந்தன. பெரியது நெட்டையன், அடுத்தது மினுக்கி, சின்னது சோணன். கடைப்பூனைக்குப் பயந்து மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. யாருக்கு வால் போனாலும், அது திரும்ப வளரும்வரை மற்ற இருவரும் பூச்சி பிடித்துத் தர வேண்டும்.

முதலில் மினுக்கியின் வாலைப் பூனை பறித்தது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஈசலும் கொசுவும் இருந்த இடத்துக்கே வந்தன. அதைப் பார்த்துப் பார்த்து நெட்டையனுக்கு எச்சில் ஊறியது. மினுக்கிக்கு வால் வளர்ந்ததும், நெட்டையன் ஜன்னல் இடுக்கில் தன் வாலை நுழைத்து ஒரே இழுப்பாக இழுத்து அறுத்துக்கொண்டது. "ஐயோ, பூனை!" என்று அலறிக்கொண்டு வந்து படுத்தது. தின்று தின்று உப்பியது.

ஒருநாள் அந்த இடுக்கில் காய்ந்து கிடந்த வாலை மினுக்கி பார்த்துவிட்டது. அன்றிலிருந்து அது யாரையும் நம்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சோணனை நிஜமாகவே பூனை பிடித்தது. வாலை விட்டுவிட்டு உயிரோடு ஓடிவந்தது.

"அக்கா, பூனை கடிச்சிடுச்சு!"

"யார் பார்த்தா?" என்றது மினுக்கி.

"நானும் பூனையும்தான் இருந்தோம்."

"அப்போ பூனையையே வந்து சொல்லச் சொல்லு. அதுவரைக்கும் ஒரு கொசு கிடையாது."

"நியாயந்தானே," என்றது நெட்டையன், வாயில் ஈசலோடு.

சோணனுக்குப் பசியும் ஆத்திரமும். நேரே போய், எட்டாத உயரத்தில் நின்றுகொண்டு, பூனையிடம் எல்லாவற்றையும் சொன்னது.

பூனை பொறுமையாகக் கேட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டது. "அதுக்கென்ன தம்பி, தாராளமா சொல்றேன். நீங்க எங்கே இருக்கீங்க?"

சோணன் வழிகாட்டிக்கொண்டு முன்னால் ஓடியது.