மாப்பிள்ளையின் வண்டி

அந்த வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் தெய்வசிகாமணியின் மனசில் கல்யாணம் நின்றுபோய்விட்டது.

நெய்வேலி டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே வைத்திலிங்கத்தின் மெக்கானிக் ஷெட். பைக்கின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மரக்கட்டையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தான். கீழே சாக்கின் மேல் கிடந்த, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பைப் இரண்டும் நெளிந்திருந்தன. நம்பரை இரண்டு தரம் படித்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை, பெண் பார்க்க வந்தபோது அறிவழகன் ஓட்டிவந்த அதே வண்டி.

மூன்று வாரமாக அறிவழகனிடம் ஒரு குறை தேடிக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் இன்ஸ்பெக்‌ஷனில் முப்பது வருஷமாக இருக்கிற மனுஷன். பெல்ட்டில் மயிரிழை விரிசல் விட்டாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று செக்‌ஷனில் பெயர். அந்தப் பெயரை அதிகம் சொன்னது அவரேதான். அந்தக் கண்ணைக் கொண்டு பதின்மூன்று வரனைத் தட்டிக்கழித்ததில் மகள் சரிதாவுக்கு இருபத்தொன்பது வயசாகிவிட்டது.

இந்தப் பையனுக்கு பர்மனன்ட் வேலை. நெய்வேலியில் அதற்கு மேல் ஜாதகம் கிடையாது. போதாக்குறைக்கு சரிதாவே, "எனக்குப் புடிச்சிருக்குப்பா" என்று முதல் தடவையாக வாய்திறந்து சொல்லியிருந்தாள். இன்று சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் டீக்கடை, சலூன் எல்லாம் விசாரித்து முடித்து, கடைசியாக மெக்கானிக்கிடம் வந்திருந்தார்.

"இது யாரு வண்டிப்பா?" என்றார், ஒன்றும் தெரியாதவர் போல.

"பிளாக் இருவது அறிவழகன் வண்டிங்க. தங்கமான புள்ள."

"தங்கம் எப்பிடி நெளிஞ்சிது?"

"ஞாயித்துக்கெழம காலைல நேரா செவுத்துல போய் வுட்ருக்குங்க. எப்பிடின்னு கேட்டா சிரிச்சிகினே போயிட்டாரு."

சிரித்தானாம். காலங்கார்த்தாலே சுவரில் மோதிவிட்டுச் சிரிக்கிறவன் எந்த நிலையில் இருந்திருப்பான் என்று தெய்வசிகாமணிக்குத் தெரியாதா என்ன.

வைத்திலிங்கம் ஒரு பைப்பை எடுத்து, நெளிவு பார்க்கக் கண்ணாடிப் பலகை மேல் வைத்து உருட்டினான். அது நொண்டி நொண்டி ஓடியது.

"தட்டி நிமித்த முடியாதா?"

"பிரஸ்ல வச்சி நிமித்தலாங்க. ஆனா ஒருவாட்டி நெளிஞ்சது மறுபடி அதே எடத்துலதான் நெளியும். மாத்திப்புட்றதுதான் நல்லது."

தெய்வசிகாமணிக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தான் வீட்டில் சொல்ல வேண்டியதை எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டான். மாப்பிள்ளையும் அப்படித்தான், நிமிர்த்திக்கொண்டு உட்காரக் கூடாது, மாற்றிவிட வேண்டும்.

"வேற என்னா வேல சொல்லியிருக்காரு?"

"சீட்டு ஃபோம வெட்டி ரெண்டு இஞ்ச் எறக்கணும்னாருங்க. காலு எட்டலியாம்."

அறிவழகன் ஆறடி. அன்றைக்குக் குவார்ட்டர்ஸ் வாசலில் தலை இடிக்காமல் குனிந்து வந்தவன். அவனுக்குக் கால் எட்டவில்லை என்றால் என்ன அர்த்தம்? உள்ளே போனது அந்த அளவுக்குப் போயிருக்கிறது, தரை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தெய்வசிகாமணி விசாரணையை அத்தோடு முடித்துக்கொண்டார்.

ஷெட்டை விட்டு நாலு அடி தள்ளி நின்று வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி அமிர்தம் எடுத்தாள்.

"அவங்களுக்கு வேணாம்னு சொல்லிடலாம். பையன் குடிகாரன்."

"ஐயையோ, யாருங்க சொன்னது?"

"யாரு சொல்லணும்? வண்டி சொல்லுது. செவுத்துல வுட்டு ஃபோர்க்கு நெளிஞ்சி கெடக்குது. ஆறடி ஆளுக்குக் காலு எட்டலியாம், சீட்ட வேற எறக்கறான். முப்பது வருசமா எத்தன விரிசலப் பாத்திருக்கேன், இது தெரியாதா எனக்கு?"

"கொஞ்சம் பொறுமையா விசாரிச்சிப் பாருங்களேன். பாவங்க, அவ ஆசப்பட்டுட்டா."

அமிர்தம் கெஞ்சினாள். அதுவும் அவருக்குத் தன் கட்சிக்குச் சாதகமாகவே பட்டது.

"ஆசப்பட்டா ஆச்சா? நம்ம பொண்ணு இதுவரைக்கும் ஒரு சைக்கிளக்கூட தொட்டதில்ல. டீச்சரா வேல பாக்கறா, இன்னிக்கும் ஸ்கூலுக்கு நான்தான் கொண்டுபோய் வுடறேன், நான்தான் இட்டுகினு வரேன். ஞாயித்துக்கெழம ஸ்பெஷல் கிளாஸுன்னாக்கூட நான்தான் வுட்டுட்டு வரேன். எதுக்கு? ரோட்ல இவன மாதிரி ஆளுங்க வண்டி ஓட்டறாங்களேன்னுதான். போன ஸ்பீக்கர்ல போடு, அவளும் கேக்கட்டும்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. தெய்வசிகாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். சுவர், ஃபோர்க், சிரிப்பு, சீட்டு ஒன்றையும் விடவில்லை. கடைசியில் வைத்திலிங்கம் சொன்னதைத் தன் சொந்தச் சரக்கு போலச் சேர்த்துக்கொண்டார்.

"நெளிஞ்சது நெளிஞ்சதுதாம்மா. நிமித்தவே முடியாது. வேற மாப்ள பாக்கலாம்."

  சரிதாவின் குரல் தெளிவாக வந்தது.

"அப்பா, அந்த சீட்ட எறக்கறது எனக்குப்பா."